விரல் படம்

சாம்பல் கலந்து வேகவைத்த சோளத்தைத் தோல் போகத் தேய்த்துக் கழுவுவது எங்கள் வீட்டில் சனிக்கிழமைக் காலை வேலை. அதை லெயோனில்டே அண்ணிதான் செய்வார். பின்கட்டுத் தொட்டியில் முழங்கை வரை இரண்டு கையையும் விட்டு, மூன்று தண்ணீர் நான்கு தண்ணீர் மாற்றி, மிதந்து வரும் தோலை வழித்து எறிந்துகொண்டே இருப்பார். மறுநாள் காலைக்குச் சோளமாவு ரொட்டியான அரேப்பா வேண்டும் என்று தெருவில் முப்பது வீடுகள் சொல்லி வைத்திருக்கும். நான் கழுவினால் மாவு கறுத்துப்போகும் என்பது அண்ணியின் கட்சி. அவர் தம்பியோடு இருபத்திரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். இன்னும் என்னை அந்தத் தொட்டிப் பக்கம் விட்டதில்லை.

எனக்கு வேறு வேலை. தொட்டிக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அண்ணியின் கைபேசியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழுவில் வருவதை வாசித்துச் சொல்ல வேண்டும். படம் வந்தால் அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். அவர் சொல்லச் சொல்லத் தட்டி அனுப்ப வேண்டும்.

பழைய நாணயம் சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழு அது. எங்கள் புக்கரமங்காவிலும் சுற்றுவட்டாரத்திலுமாக நாற்பத்து மூன்று பேர். சனிக்கிழமை பத்து மணிக்கு ஏலம் தொடங்கும், பன்னிரண்டுக்கு முடியும். விற்கிறவர் படம் போடுவார், வேண்டுமென்கிறவர்கள் விலை கேட்பார்கள். பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் நாணயம் பஸ்ஸில் வரும். அதுவரை யாரும் அதைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆகவே படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். அது அண்ணிக்குத் தெரியும் என்பதால்தான் நாற்பது ஆண்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணியிடம் சொந்தமாக ஒரு பழைய நாணயம்கூடக் கிடையாது. இருபத்தாறு வருடம் ஒரு போட்டோ லேபில் வேலை பார்த்தவர். ஃபிலிமைக் கழுவிப் படம் போடும்போது நிறம் சரி பார்ப்பது அவர் பொறுப்பு. ஊரில் நடந்த முதல் நற்கருணை, கல்யாணம், பதினைந்தாம் பிறந்தநாள் எல்லாம் அவர் கண் வழியாகத்தான் போயிருக்கும். எல்லோரும் கைபேசியிலேயே படம் எடுக்கத் தொடங்கியதும் லேபை மூடிவிட்டார்கள். ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும், மரியாதைக்கு எல்லோரும் 'தோன்' போட்டுக் கூப்பிடும் உல்பியானோ ஒருநாள் கைபேசியை எடுத்துக்கொண்டு அரேப்பா வாங்க வந்தார். படத்தைப் பார்த்து வாங்கிய வெள்ளிக்காசு கீறலும் கோடுமாக வந்து சேர்ந்ததாகப் புலம்பினார். அண்ணி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் விளக்கு வெச்சு எடுத்திருக்கான். கிழவி முகத்துல சுருக்கம் தெரியாம எடுக்கிற வேலை இது. உங்களுக்குத் தெரியலையா?" என்றார். அன்று தொடங்கியது.

சேகரிப்பவர்களுக்குப் பிடிக்காத ஒரு விஷயம் உண்டு: கழுவின நாணயம். தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் பாதி விலைகூடத் தேறாது. பழைய பித்தளை தானாக ஏறிய பழுப்போடு இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பழுப்பை விளக்கு மாற்றும், கீழே விரித்த துணி மாற்றும், கைபேசி தன் இஷ்டத்துக்கு மாற்றும். அதற்குத்தான் அண்ணி ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஜன்னலோரமாக, விளக்குப் போடாமல், நாணயத்தை இரண்டு விரலால் விளிம்பில் பிடித்து ஒரு படம். பக்கத்தில் தோலும் நகமும் இருந்தால் உலோகத்தின் நிறத்தைக் கண்டுபிடித்துவிடுவார். "கல்யாணப் பொண்ணு முகத்தைச் சரி பண்ணிட்டா பூவும் கேக்கும் தானா சரியாயிடும்" என்பார். குழுவில் அதற்கு 'விரல் படம்' என்றே பெயர். விரல் படம் இல்லாமல் அண்ணி ஒன்றும் சொல்லமாட்டார். அண்ணி சொல்லாமல் பெரிய விலைக்கு யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தார். குக்குத்தா ஊர்க்காரன் ஒருவன் விரலில் கட்டுப் போட்டிருக்கிறேன் என்றான். பாவம் என்று அண்ணியும் மேசைமேல் வைத்து எடுத்த படத்தைப் பார்த்து நல்ல காசு என்று சொல்லிவிட்டார். டாக்ஸி ஓட்டும் வில்மார் அதை வாங்கினான். பாலிஷ் போட்டுத் தேய்த்த காசு வந்து சேர்ந்தது. இரண்டு வாரமாக அவன் குழுவில் அந்தக் குக்குத்தாக்காரன் காசைச் சொல்லியே அண்ணியை விடவில்லை. "தோன்யா லெயோ, கண்ணாடி மாத்தியாச்சா? இல்ல நான் டாக்ஸியில கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று தினம் ஒரு செய்தி.

இது நடந்து மூன்றாவது சனிக்கிழமைதான் தோமிதிலாவின் காசு வந்தது.

குழுவுக்குப் புதியவர். உல்பியானோவுக்குத் தெரிந்த ஒரு வாத்தியார் இரண்டு வாரம் முன்புதான் சேர்த்துவிட்டிருந்தார். படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை நான்தான் உரக்க வாசித்தேன்: "1901. லாசரெத்தோ, ஐம்பது சென்டாவோ, பித்தளை. கொன்த்ரதாசியோனிலிருந்து தோமிதிலா. ரெண்டு லட்சம் பெசோவிலிருந்து கேக்கலாம். ஃப்ரிட்ஜ் மோட்டார் போயிடுச்சு, அதான் விக்கிறேன்."

தொழுநோய் வந்தவர்களை ஒரு காலத்தில் தனி ஊர்களில் வைத்திருந்தார்கள். அவர்கள் தொட்ட பணம் வெளியே வரக்கூடாதென்று அந்த ஊர்களுக்கு மட்டும் தனிக்காசு அடித்தார்கள். அதுதான் லாசரெத்தோ காசு. கொன்த்ரதாசியோன் அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று. எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர் கிடையாது. எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும்.

நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டில் காசு இருந்தது. அண்ணி கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் குனிந்து பார்த்தார்.

"எழுத்தெல்லாம் கூர்மையா இருக்கு. வெளிச்சமும் நல்ல வெளிச்சம். ஆனா வெள்ளைத் தட்டுல வெச்சா எந்தப் பித்தளையும் நல்லாத்தான் தெரியும். விரல் படம் கேளு."

கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "காகிதத்துல வெச்சு எடுத்து அனுப்பட்டுமா அம்மா?"

"விரல்னு சொல்லு."

"பக்கத்துல எலுமிச்சம்பழம் வெக்கட்டுமா? நிறம் தெரியுமே."

அண்ணி சிரித்தார். "எலுமிச்சம்பழத்துல ஆயிரம் நிறம் இருக்கு. என்ன, எனக்கே பாடம் நடத்துறாங்களா?"

இப்போது யோசித்தால், எலுமிச்சை நல்ல யோசனைதான். விரலால் ஆகிற வேலையை அதுவும் செய்திருக்கும். ஆனால் அண்ணிக்குக் குக்குத்தாக்காரன் ஞாபகம். எனக்கும்தான். அதற்குள் வில்மார் நுழைந்துவிட்டான்.

"என்ன பாட்டிம்மா, ரேகை எடுத்துடுவாங்கன்னு பயமா? போலீஸ் தேடுதா?"

சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. யாரோ, "நகத்துல அழுக்கா இருக்கும், விடுப்பா" என்று எழுதினார்கள். நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். அண்ணி சோளத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"எழுது. விரலைக் காட்ட யோசிக்கிறவங்க காசுல எதையோ மறைக்கிறாங்கன்னுதான் நான் எடுத்துக்குவேன். படம் வராம நான் ஒண்ணும் சொல்றதா இல்ல."

எழுதினேன்.

"இன்னொண்ணும் போடு. நெய்ல் பாலிஷ் போடணும்னா போட்டுட்டு வாங்க, காத்திருக்கோம்."

அதையும் எழுதினேன். அதன் பக்கத்தில் சிரிக்கிற முகம் அண்ணி சொல்லாமல் நானாகச் சேர்த்தது.

இருபது நிமிடம் ஒன்றும் வரவில்லை. இடையில் வேறொருவர் போட்ட குதிரைக்காசு ஒன்று விற்றுப்போனது. அண்ணி கடைசித் தண்ணீரை வடித்துவிட்டு, சோளத்தை வாளியில் அள்ள ஆரம்பித்தார். அப்போது படம் வந்தது. நான் பார்த்துவிட்டு நீட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன? காட்டு."

காட்டினேன்.

ஜன்னலோரம். விளக்கு இல்லை. கட்டை விரல் நுனியில்லாமல் மழுங்கியிருந்தது. மற்ற விரல்கள் முதல் கணுவோடு முடிந்துபோயிருந்தன. நகம் ஒன்றுகூட இல்லை. கட்டை விரலுக்கும் உள்ளங்கை விளிம்புக்கும் நடுவில் காசு அழுத்திப் பிடிக்கப்பட்டிருந்தது. அப்படிப் பிடிக்க எத்தனை தடவை கீழே விழுந்ததோ தெரியாது. தோல் வழவழவென்று இருந்தது. நடுவில் அந்தக் காசு, தேன் நிறப் பழுப்போடு, கை படாத மாதிரி இருந்தது.

கூடவே ஒரு குரல் செய்தி. நான் அழுத்திவிட்டேன். வயதான குரல், நிதானமாக: "இப்ப தெரியுதா அம்மா? ஜன்னல் பக்கம்தான் நின்னு எடுத்தேன்."

அண்ணி வாளியைக் கீழே வைத்தார். கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் நின்றார்.

"அந்த நெய்ல் பாலிஷை அழி," என்றார்.

அழித்தேன். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் நின்றது. வில்மாரும் தன்னுடையதை நீக்கியிருந்தான். பிறகு மற்றவர்களும். திரையில் மேலிருந்து கீழே வரை அந்த ஒரே வரிதான். எல்லாவற்றையும் தோமிதிலா ஏற்கெனவே படித்துவிட்டார். இப்போது நாங்கள் துடைப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கழுவாதது. அசல் நிறம். ரொம்ப நல்ல நிலைமைன்னு எழுது," என்றார் அண்ணி.

"மன்னிப்பு எதாவது...?"

"இத்தனை பேர் முன்னாடி அதையும் எழுதி, அவங்களை இன்னொரு தடவை நிக்க வெக்கணுமா? முதல்ல காசு விக்கட்டும்."

அது உண்மையில் அக்கறையா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அதன் பிறகு ஏலம் ஓடியது பாருங்கள். மூன்று லட்சம், ஐந்து லட்சம், எட்டு. நாணயமே வாங்காமல் வெறுமனே வேடிக்கை பார்க்கிறவர்கள்கூடக் கேட்டார்கள். வில்மார் ஒன்பது என்றான். அவனுக்குக் கார் தவணை பாக்கி இருப்பது எல்லோருக்கும் தெரியும். உல்பியானோ பன்னிரண்டு லட்சம் என்று முடித்தார். மணி பன்னிரண்டு ஆக மூன்று நிமிடம் இருந்தது.

தோமிதிலா எழுதினார்: "தோன் உல்பியானோ, போன வாரம் நீங்கதானே எழுதினீங்க, இந்தக் காசு கழுவாம இருந்தா ஏழு லட்சம் போகும்னு? மீதி அஞ்சு லட்சம் எதுக்கு?"



"நான் காசு விக்கத்தான் வந்தேன்," என்று மறுபடியும் எழுதினார். அடுத்த வரியில், 'தோமிதிலா குழுவிலிருந்து விலகினார்' என்று இருந்தது.

அன்று மத்தியானம் அண்ணி சாப்பிடவில்லை. சோளம் வாளியிலேயே இருந்தது, அரைக்கவும் இல்லை. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முதல் படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுபோனபோது கைபேசியை என்னிடம் திருப்பினார்.

"தட்டோட விளிம்பைப் பாரு."

நீல விளிம்பில் ஒரு நிழல் விழுந்திருந்தது. கைபேசியைப் பிடித்த கையின் நிழல். குட்டையாக, நுனியில்லாமல்.

"இருபத்தாறு வருஷம் நிழலைப் பார்த்துச் சம்பளம் வாங்கினவ," என்றார். "ஊர் பேரை வேற நீ வாசிச்ச. கேட்டுட்டுத்தான் சொன்னேன்."

"சிரிக்கிற முகம் நான் போட்டது அண்ணி."

"அது எனக்குத் தெரியும்," என்றார்.

என் வீட்டுக்காரரிடம் இரண்டு பேரும் சொல்லவில்லை. ஞாயிறு காலை அரேப்பா வரவில்லை என்று கதவைத் தட்டியவர்களிடம் அண்ணிக்குக் காய்ச்சல் என்றேன்.

திங்கட்கிழமை வாத்தியார் மூலமாக எண் வாங்கி, நேரில் வந்து பார்க்கலாமா, காசை விற்கிற எண்ணம் இன்னும் உண்டா என்று நான் கேட்டேன். அண்ணி பக்கத்தில் நின்றார். மறுமுனையில் தோமிதிலா முழுவதும் கேட்டுவிட்டு, "பார்க்கணும்னா வந்து பாருங்க. விக்கிறதா இல்லையான்னு அப்புறம் பேசலாம். பஸ் மூணு மணிக்கு வரும், மழை பேஞ்சா நாலு," என்றார்.

புதன்கிழமை போனோம். அண்ணி இரண்டு டஜன் அரேப்பாவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். சொக்கோரோ வரை அதைக் கீழே வைக்கவே இல்லை. அங்கே பஸ் மாறி மண்பாதையில் ஏறியதும், "என்ன சொல்றதுன்னு நாலு விதமா யோசிச்சேன். நாலும் என்னைப் பத்தித்தான் இருக்கு," என்றார்.

வீடு கோயிலுக்குப் பின்தெரு. கதவு திறந்திருந்தது. தோமிதிலாவுக்கு எண்பது வயது இருக்கும். உயரம், நிமிர்ந்த நடை, சலவை மடிப்புக் கலையாத சட்டை. அண்ணி கை நீட்டுவதா வேண்டாமா என்று தயங்கிய அரை நொடியில் அவரே கையை நீட்டிவிட்டார்.

"நெய்ல் பாலிஷ் போடல. மன்னிச்சுக்குங்க," என்றார்.

அண்ணியின் முகத்தில் ஏறிய சிவப்பு கழுத்துவரை இறங்கியது. "தோன்யா தோமிதிலா, நான் அதுக்காகத்தான்..."

"உக்காருங்க முதல்ல. அஞ்சு மணி நேரம் பஸ்ஸுல குலுங்கிட்டு வந்துட்டு நின்னுக்கிட்டே பேசுவாங்களா?"

கறுப்புக் காபி வந்தது. பானைக் கைப்பிடியில் துணியைச் சுற்றி இரண்டு கையாலும் ஊற்றினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் உதவிக்கு எழுந்ததும், "நீங்க உக்காருங்க மகளே. இதை அறுபது வருஷமா ஊத்துறேன்," என்றார். மூலையில் ஃப்ரிட்ஜ் கதவு திறந்தபடி காலியாக நின்றது. உள்ளே வெங்காயம் போட்டு வைத்திருந்தார்.

அண்ணி மறுபடியும் ஆரம்பித்தார். "அன்னைக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"தெரிஞ்சிருந்தா?"

"கேட்டிருக்க மாட்டேன்."

"அப்ப என் காசை எப்படிப் பார்த்திருப்பீங்க?"

தோமிதிலா பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்தார். உள்ளே போய் அதே எனாமல் தட்டில் காசைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"பதினாறு வயசுல என்னை இங்க கொண்டுவந்து விட்டாங்க. ஆறு மாசத்துல அம்மாவும் வந்துட்டாங்க. இது அவங்க வெச்சிருந்தது. செல்லாத காசு, ஆனா தூக்கிப் போடல. இப்ப அதெல்லாம் விடுங்க. எனக்கு ஃப்ரிட்ஜ் வேணும். உங்க குழுவுல எல்லாரும் என் கைக்கு விலை கேட்டாங்க. காசுக்கு யாரும் கேக்கல. வாத்தியார் சொன்னார், அந்த அம்மா வாயிலருந்து வந்தா சரியா இருக்கும்னு. அதான் வரச் சொன்னேன். பார்த்துச் சொல்லுங்க."

அண்ணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். காசை விளிம்பில் பிடித்து எழுந்து ஜன்னலருகே போனார். எனக்குப் பழக்கமான நிற்பு அது. தலை லேசாகச் சாய்ந்து, காசு மெதுவாகத் திரும்பி, வெளிச்சம் அதன்மேல் வழுக்கிப் போகும்படி. ஒரு முறை சுற்றினார். இரண்டாவது சுற்றில் கீழ் விளிம்பில் அவர் விரல் நின்றது. நகத்தால் அந்த இடத்தை மெல்ல ஒரு தடவை தடவினார். நான் பார்த்தேன். பிறகு காசைத் திருப்பி, மறுபக்கம் பார்த்துவிட்டு, கொண்டுவந்து தட்டில் வைத்தார்.

"ரொம்ப நல்ல நிலைமை," என்றார். "கழுவினதே இல்ல. எழுத்து தேயல. எட்டு லட்சம் தாராளமாப் போகும். நானே வேணா..."

"குறை எதுவும் இல்லையா?"

"இல்ல."

"திருப்பியும் ஒரு தடவை பாருங்களேன்."

"பார்த்தாச்சும்மா. நல்ல காசு."

தோமிதிலா காசைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். மேசை விரிப்பின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, விளிம்புக்கு வந்ததும் உள்ளங்கையில் வாங்கினார்.

"கீழ் ஓரத்துல அரிசி மணி அளவுக்கு ஒரு வெட்டு இருக்கு. அம்மா கதவு இடுக்குல வெச்சு நசுக்கினது. தட்டுல வெச்சு மேலருந்து எடுத்த படத்துல அது தெரியல, விரல் படத்துல நான் பிடிச்ச பிடியில மறைஞ்சுபோச்சு. வேற படம் எடுத்து அனுப்பி, இப்படி ஒண்ணு இருக்குன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள உங்காளுங்க பன்னிரண்டு லட்சத்துக்குப் போயிட்டாங்க." நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். "அது உங்க கண்ணுல படலையா?"

அண்ணி கண்ணாடியைக் கழற்றினார்.

"பட்டுச்சு," என்றார்.

"அந்த வெட்டோட என்ன போகும்?"

"நாலு. நாலரை."

"அந்தக் குக்குத்தாக்காரன் காசா இருந்தா நாலுன்னு சொல்லியிருப்பீங்கள்ல?"

"சொல்லியிருப்பேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

வெளியே யாரோ கழுதையை ஓட்டிக்கொண்டு போனார்கள். அண்ணி தன் பக்கத்தில் வைத்திருந்த துணிமூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரேப்பாவை இன்னும் கொடுக்கவே இல்லை. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். தோமிதிலா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் அண்ணியிடம்தான் கேட்டார், அண்ணி சொல்வதற்காக வெகுநேரம் காத்திருந்தார்.

பிறகு காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலிக் குவளைகளைத் தட்டில் அடுக்கி எடுத்து, உள்ளறைக்குப் போய்விட்டார்.